விரைபடகிற் படக்கருவி பொருத்தல்

விழாமலர்க் குழுவினர் எம்மிடம் கட்டுரையொன்று வேண்டியபொழுது, தமிழாசிரியர் என்ற முறையிற் சங்கச் சான்றோரைப் பற்றியோ நாவலர் பெருமானின் வசனநடையைப் பற்றியோ எழுதுவோம் என்றே எதிர்பார்த்திருப்பர். அவற்றை எழுதத்தக்கார் பலர் எமது பழைய மாணவரிடையே உளர். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. விரைந்து ஓடும் படகிலே சிறிய படக்கருவியொன்றைத் தேர்ந்து பொருத்திக் காட்சி பிடிப்பது எங்ஙனம் என்பதே அது. இதனை எழுத எமக்குள்ள தகுதி யாது எனின், அத்தகைய கருவியொன்றைக் கடலுக்குக் கொடுத்தமையே ஆகும்.

நிகழ்ந்ததை முதலிற் கூறிவிடுவோம். எமது கல்லூரியிலே நெடுங்காலம் கணிதம் கற்பித்து இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர், நெடுந்தீவிற் பிறந்தவர், பிள்ளைகளுடன் புறநாட்டில் வாழ்பவர், எண்பது வயதைக் கடந்தபின் 2023ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் ஒருமுறை ஊருக்கு வந்தார். தாம் பிறந்த வளவையும் அதன் கல்வேலியையும் காண விரும்பினார். விழாவுக்கென எமது மாணவர் ஆக்கிக்கொண்டிருந்த குறும்படத்தில் அப்பயணம் இடம்பெற வேண்டும் என யாவரும் விரும்பினோம். பழைய மாணவர் சிலர் வாங்கி அனுப்பியிருந்த புதிய கருவி கையில் இருந்தது. குறிகட்டுவான் இறங்குதுறையிலே, வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகொன்றை அமர்த்தி, அதன் அணியத்திலே ஒட்டுநாடாத் தாங்கியை ஒட்டி, கருவியை அதன்மேற் பூட்டிப் பெரியவரின் முகத்தை நோக்கித் திருப்பி வைத்தோம். தீவு கண்ணுக்குத் தோன்றும் வேளையில் அம்முகத்தைப் பிடித்துவிடுதலே எமது நோக்கமாயிருந்தது.

படகோட்டி அதனைச் சிறிதுநேரம் உற்றுப் பார்த்தார். “மாஸ்ரர், உதை நம்பி ஓடேலாது, ஒரு கயிறு போட்டுக் கட்டுங்கோ” என்றார். கருவி வந்த பெட்டியின்மேல் அச்சிட்டிருந்த படங்களிலே கயிறு எதுவும் காணப்படவில்லை. நாம் அச்செழுத்தை நம்பிப் பழகியவர், படகோட்டியை நம்பவில்லை. அரைமணி நேரம் கழிந்தபின், சோளகக் காற்றிலே எழுந்த அலையொன்று அணியத்தின்மேல் ஏறி விழுந்தது. நீர் வடிந்தபின் தாங்கி இருந்த இடத்திலே நாடாவின் கிழிந்த ஓரம் மட்டுமே எஞ்சியிருந்தது. படகோட்டி இருமுறை வட்டமிட்டுத் தேடினார். “போகட்டும் தம்பி, விடும்” என்றார் பெரியவர். தீவு தோன்றியபொழுது அவர் எழுந்து நிற்க முயன்றார். மாணவன் ஒருவன் கைபேசியிற் பிடித்த நிழற்படத்திலே அவரது முதுகும் ஒருபக்கத் தோளுமே உள்ளன. பத்து நாளில் அவர் திரும்பிச் சென்றுவிட்டார். மறுமுறை வருவதற்கு மருத்துவர் இசையவில்லை.

இழந்தது கருவியன்று என்பதை யாவரும் உணர்வர். இனி இவ்வாறு படம் பிடிக்க முற்படும் மாணவர்க்கும், ஆண்டுதோறும் விடுமுறையில் வந்து தீவுகளுக்குப் படகேறும் பழைய மாணவர்க்கும் பயன்படும் என்றெண்ணி, அதன்பின் நாம் கற்றறிந்தவற்றை எழுதுகின்றோம்.

முதலிற் பெயர். ‘அக்சன் கமரா’ என்று மாணவர் வழங்கும் இக்கருவிக்குச் ‘செயற்களப் படக்கருவி’ எனச் சிலர் பெயரிடுவர். பெயர் கருவியினும் நீளமாயிருத்தலின் நாம் ‘சிறுகருவி’ என்றே வழங்குவோம். இதனைப் பரப்பியவர் நிக் வுட்மன் என்னும் அமெரிக்கர். அவர் 2002இல் அலைச்சறுக்கலுக்கெனப் பயணஞ் செய்தபொழுது, அலைமேற் செல்பவன் தன்னைத் தானே படம்பிடிக்க ஏற்ற கருவி இல்லாமையைக் கண்டு, மணிக்கட்டிற் கட்டும் பட்டி ஒன்றை ஆக்க முற்பட்டார். அவரது கோப்ரோ நிறுவனம் 2004இல் வெளியிட்ட முதற் கருவி 35 மில்லிமீற்றர்ப் படச்சுருள் இட்டு எடுப்பதாகும். இக்கருவியின் வரலாறு ஒரு கட்டும் பட்டியிலே தொடங்கியதென்பதை நாம் பிந்தியே அறிந்தோம். முந்தியே அறிந்திருப்பின் படகோட்டியின் சொல்லைத் தட்டியிரோம்.

இன்று கோப்ரோவின் கருவிகளும், டி.ஜே.ஐ. நிறுவனத்தின் ஒஸ்மோ அக்சன் வரிசையும், இன்ஸ்டா360 நிறுவனத்தின் கருவிகளும் கடைகளிற் கிடைக்கின்றன. எது சிறந்தது என மாணவர் எம்மிடம் வினவுவதுண்டு. பகல் வெளிச்சத்திற் கடலிற் பிடிக்கும் காட்சியைப் பொறுத்தவரை, இவற்றுட் படத்தின் தெளிவிலே பெரிய வேறுபாடு கண்டிலோம். படகுக்கெனத் தேர்வோர் நோக்கவேண்டியவை பிறவாகும்.

அவற்றுள் தலையாயது நீர்காப்பு. 2016இல் வெளிவந்த ஐந்தாம் கோப்ரோ தொடக்கம் வெளிக்கூடு இன்றியே 10 மீற்றர் ஆழம் வரை நீர் புகாது என்று குறிக்கப்படுகின்றது. ஒஸ்மோ அக்சன் கருவிகளில் 2022இல் வந்ததற்கு 16 மீற்றர், 2023இல் வந்ததற்கு 18 மீற்றர் எனக் குறித்துள்ளனர். படகு நீரின்மேற் செல்வது. பத்து மீற்றர் ஆழத்துக்கு யார் போகப்போகின்றார் என்று நாம் எண்ணினோம். எமது விஞ்ஞான ஆசிரியர் கரும்பலகையிற் கணக்கிட்டுக் காட்டிய பின்னரே எமது எண்ணத்தின் பேதைமை புலனாயிற்று.

அசையாத நீரிலே ஆழம் செல்லச் செல்ல அமுக்கம் கூடுகின்றது. ஓடுகின்ற நீர் ஒரு பொருளை எதிர்த்து மோதும்பொழுதும் அமுக்கம் உண்டாகின்றது. அவ்வமுக்கம் வேகத்தின் வர்க்கத்துக்கு நேர்விகித சமமானது. மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் படகிலுள்ள கருவியை நீர் நேரே மோதினால், அது 5 மீற்றர் ஆழத்திற் கிடப்பதற்கு ஒப்பாகும். 50 கிலோமீற்றர் வேகத்தில் அவ்வாழம் ஏறக்குறைய 10 மீற்றர். 72 கிலோமீற்றரில் 20 மீற்றர். வேகம் இருமடங்காக ஆழம் நான்மடங்காதலைக் காண்க. எனவே 10 மீற்றர் எனக் குறித்த கருவி, மணிக்கு 50 கிலோமீற்றர் ஓடும் படகிலே அலையொன்று மோதிய அளவிலேயே தன் எல்லையை எட்டிவிடுகின்றது. இதற்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுவோர், நிறுவனத்தார் தனியாக விற்கும் நீர்காப்புக் கூட்டையும் வாங்குதல் நன்று. எந்தக் கருவியாயினும், மின்கலமும் நினைவட்டையும் இடும் சிறு கதவின் இறப்பர் விளிம்பிலே ஒரு மணல், ஒரு தலைமயிர் கிடப்பினும் நீர் புகும். புறப்படுமுன் அவ்விளிம்பை விரலாலே தடவிப் பார்ப்பது கண்ணாற் பார்ப்பதினும் மேலானது.

அதே கரும்பலகையிலே இன்னொரு கணக்கும் எழுதப்பட்டது. அதுவே எம்மை மௌனமாக்கியது. சிறுகருவியின் முகப்பு ஏறக்குறைய 7 சென்ரிமீற்றர் அகலமும் 5 சென்ரிமீற்றர் உயரமும் உடையது. பரப்பு 35 சதுர சென்ரிமீற்றர். மணிக்கு 36 கிலோமீற்றர் வேகத்தில் எதிர்க்காற்று அதன்மேற் கொடுக்கும் தள்ளுகை ஏறக்குறைய 20 கிராம் நிறைக்குச் சமம். இது ஒரு பொருட்டன்று. ஆனால் கடல்நீர் காற்றிலும் எண்ணூறு மடங்குக்கு மேற்பட்ட அடர்த்தி வாய்ந்தது. அதே வேகத்தில் அலை அக்கருவியை நேரே மோதினால், அக்கணத்தின் தள்ளுகை ஏறக்குறைய 18 கிலோகிராம் நிறைக்குச் சமமாகும். 50 கிலோமீற்றர் வேகத்தில் 35 கிலோகிராம். 150 கிராம் நிறையுள்ள கருவியைத் தாங்க வேண்டும் என்று எண்ணி ஒட்டிய நாடா, அரிசிமூடை போன்றதொன்றின் இடியைத் தாங்க வேண்டியதாயிற்று. தாங்கி அறுந்தது வியப்பன்று. அரைமணி நேரம் நின்றதே வியப்பு.

ஆயினும் ஒட்டுநாடா பயனற்றது என்று கூறுதல் பிழை. நாம் அதனை ஒட்டிய முறையே பயனற்றது. இத்தகைய தாங்கிகளின் அடியிலுள்ள தடித்த இருபக்க நாடா, ஒட்டிய உடனே முழுவலி பெறுவதில்லை. ஒரு நாள் முழுவதும் அசைக்காது விடுதல் வேண்டும். மூன்று நாள் விடின் இன்னும் நன்று. நாம் விட்டது பத்து நிமிடம். படகின் மேற்பரப்பு வெயிலிற் கிடந்து வெண்மாப் பூத்திருந்தது. அதன்மேல் உப்பும் மீனெண்ணெயும் படிந்திருந்தன. கைக்குட்டையால் ஒருமுறை துடைத்துவிட்டு ஒட்டினோம். நாடா படகைப் பற்றவில்லை; படகின்மேற் கிடந்த அழுக்கையே பற்றியது. முறைப்படி செய்வதாயின், நன்னீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, உலர்த்தி, வெண்மாப் பூத்த படையைத் தேய்த்து நீக்கி, அற்ககோல் தோய்த்த துணியால் துடைத்து, நிழலிலே ஒட்டி, அரைநிமிடம் அழுத்திப் பிடித்தல் வேண்டும். வளைந்த பரப்புக்கு வளைந்த தாங்கியும் தட்டையான பரப்புக்குத் தட்டையான தாங்கியும் உள்ளன. மாற்றி ஒட்டினால் விளிம்புகள் மட்டுமே பற்றும். கால் வழுக்காதிருக்கச் சொரசொரப்பாக்கிய தளத்தில் நாடா ஒருபொழுதும் ஒட்டாது. ஆகவே, முதல்நாளே படகைக் கையிற் பெறக்கூடியவர்க்கு மட்டுமே நாடா உரியது. காலையில் துறைக்குச் சென்று வாடகைப் படகு பிடிப்பவர்க்கு அன்று.

உறிஞ்சிப் பிடிக்கும் இறப்பர்க் கிண்ணத்தைப் பலர் விரும்புவர். இதன் தத்துவத்தை விளங்க, ஆய்கூடத்திலே இரண்டு அரைக்கோளங்களைப் பொருத்தி, உள்ளிருந்த காற்றை அகற்றி, இருபுறமும் மாணவர் நின்று இழுத்ததைப் பழைய மாணவர் நினைவுகூர்தல் போதும். வளிமண்டலம் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றரையும் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் நிறையளவு அழுத்துகின்றது. 8 சென்ரிமீற்றர் விட்டமுள்ள கிண்ணத்தின் பரப்பு 50 சதுர சென்ரிமீற்றர். உள்ளே காற்று அறவே இல்லையாயின் 50 கிலோகிராம் வரை அது தாங்கும். அறவே இல்லாதிருப்பது கணக்கிலே மட்டும். இறப்பரின் விளிம்பிலே மெல்ல மெல்லக் காற்றுப் புகும். வெயிலில் இறப்பர் தளரும். நிற்கும் படகிலே உறுதியாயிருந்தது, அரைமணி நேரம் குலுங்கியபின் ஒரு விரலாற் பெயரும். கண்ணாடி போன்ற மழமழப்பான பரப்பிலன்றி அதனை ஒட்டலாகாது. ஒட்டினும் இருபது நிமிடத்துக்கொருமுறை கழற்றி மீண்டும் அழுத்துதல் வேண்டும். காற்றுத்தடைக் கண்ணாடி உள்ள உல்லாசப் படகுகளுக்கு இது ஏற்றது. எமது கடலில் ஓடும் கண்ணாடியிழைப் படகுகளில் அத்தகைய கண்ணாடி இருப்பதில்லை.

எஞ்சுவது கவ்வி. படகில் இரும்புக் குழாயோ கைப்பிடியோ இருப்பின், அதனைச் சுற்றிப் பிடித்துத் திருகாணியால் இறுக்கும் கவ்வியே எல்லாவற்றிலும் நம்பத்தக்கது. அது ஒட்டுதலையோ காற்றின் அமுக்கத்தையோ நம்பி நிற்பதன்று, முறியும்வரை விடாது. குழாய்க்கும் கவ்விக்கும் இடையே பழைய துவிச்சக்கரவண்டிக் குழாயின் இறப்பர்த் துண்டொன்றை வைத்தால் வழுக்காது. கருவியும் கவ்வியும் இணையும் இடத்திலுள்ள திருகாணியைக் கையால் மட்டும் இறுக்கினால் அலையின் இடியில் கருவி தலைகுனிந்துவிடும். அதற்குரிய சிறு திறப்பால் மேலும் ஒரு கால்சுற்று இறுக்க வேண்டும். கைபிடிக்கும் தண்டு கருவியோடு வருமாயினும் அதனைப் பயன்படுத்துவதில் எமக்கு விருப்பமில்லை. தண்டு நீள நீள, நுனியிலே விழும் இடி அடியிலே பன்மடங்காகும். நெம்புகோலைப் பற்றிக் கணித ஆசிரியர்க்கு நாம் கூறவேண்டியதில்லை.

இனிக் கயிறு. எவ்வகைத் தாங்கியாயினும் கயிறு வேண்டும். எத்தகைய கயிறு என்பதிலே சிலர் பிழைவிடுவர். கயிற்றின் மறுமுனையைத் தாங்கியிலேயே கட்டினால், தாங்கி பெயரும்பொழுது கயிறும் உடன் போகும். படகோடு ஒன்றாயுள்ள வளையத்திலோ குறுக்குச் சட்டத்திலோ கட்டுதல் வேண்டும். கயிறு குறுகியதாயிருத்தல் வேண்டும். பெயர்ந்த கருவி படகின் உள்ளே தொங்க வேண்டுமேயன்றி நீரை எட்டலாகாது. நீரை எட்டினால் இயந்திரத்தின் சுழலியிலே கயிறு சிக்கும். அப்பொழுது போவது கருவி மட்டுமன்று. மீன்பிடிக்குப் பயன்படும் பின்னல் நைலோன் கயிறு துறைமுகக் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். கருவியோடு வரும் அலங்காரப் பட்டியினும் அது வலியது. முடிச்சிடும் வேலையை நாம் செய்யாது படகோட்டியிடமே விடுதல் நன்று என்பது எமது கருத்து.

கயிறு கட்டியும் கருவி நீரில் விழுந்துவிடின் மிதக்குமா என்று வினவலாம். ஆக்கிமிடீசு விடை கூறுவார். சிறுகருவி பெயர்க்கும் நீரின் நிறை ஏறக்குறைய 120 கிராம். அதன் நிறை 150 கிராம். முப்பது கிராம் வேற்றுமையால் அது தாழ்கின்றது. ஒரு பிடி நுரைப்பஞ்சு இணைத்தால் மிதந்துவிடும். அதற்கென விற்கப்படும் செம்மஞ்சள் நிற மிதப்பு உறை விரும்பத்தக்கது. கரிய கருவி நீர்மேல் மிதப்பினும் அலைக்கிடையே கண்ணுக்குப் புலப்படாது. எமது கருவி கரியது, மிதப்பும் இல்லை. இருமுறை வட்டமிட்டது பெரியவரின் ஆறுதலுக்காகவே என்று படகோட்டி பின்னர் கூறினார்.

படகில் எவ்விடத்திற் பொருத்துவது என்பது, எதனைப் பிடிக்கப் போகின்றோம் என்பதைப் பொறுத்தது. அணியத்திலே குலுக்கம் மிகுதி. வேகமாக ஓடும் படகு பின்புறத்தைத் தாழ்த்தி முன்புறத்தை உயர்த்தி, ஒவ்வோர் அலையிலும் அணியத்தை எழுப்பி அறைகின்றது. பின்பக்கத்து மூன்றில் ஒரு பாகத்திலே அவ்வறைதல் குறைவு. ஆனால் அங்கே இயந்திரத்தின் நடுக்கம் உண்டு. இயந்திரத்தின் மூடியிலோ அது பூட்டிய பின்பலகையிலோ கருவியைப் பொருத்தவே கூடாது. காரணம் இதுவாகும். சிறுகருவி ஒரு காட்சியை ஒரே கணத்திற் பதிவதில்லை. மேலிருந்து கீழாக வரிவரியாக வாசித்துப் பதிகின்றது. அதற்கு ஒரு செக்கனின் நூறில் ஒரு பங்கு அளவு நேரம் செல்லும். நிமிடத்துக்கு 5,000 முறை சுழலும் இயந்திரம் செக்கனுக்கு 83 முறை நடுங்குகின்றது. மேல்வரியைப் பதிந்து கீழ்வரிக்கு வருமுன் கருவி ஒருமுறை ஆடி அடங்கிவிடுகின்றது. அதனால் நேரான பாய்மரமும் பாம்புபோல நெளிந்து தோன்றும். இதனைப் பின்னர் எந்த மென்பொருளாலும் செவ்வனே திருத்த இயலாது.

அலையின் குலுக்கம் அவ்வாறன்று. அது மெதுவானது, கருவியினுள்ளே இருக்கும் கைரோ அதனை உணர்ந்து, படத்தின் ஓரத்தைச் சிறிது வெட்டி, உள்ளே உள்ள பகுதியை எதிர்த்திசையில் நகர்த்திக் காட்சியை நிலைப்படுத்துகின்றது. 2018இல் வந்த ஏழாம் கோப்ரோவில் இது பெரிதும் சிறந்து, பின் யாவரும் கைக்கொண்டனர். இத்திறன் இல்லாத பழைய கருவி எவ்வளவு மலிவாகக் கிடைப்பினும் படகுக்கு வாங்கலாகாது, பார்ப்பவர்க்குத் தலைசுற்றும். அடிவானத்தைக் கிடையாகவே வைத்திருக்கும் ஏற்பாடு உள்ளதாயின் இன்னும் நன்று. சிலர், வெயில் மிகுதி என்று வில்லையின்மேற் கரிய வடிகண்ணாடி மாட்டுவர். அவ்வாறு செய்தால் ஒவ்வொரு படத்துக்கும் ஒளி புகும் நேரம் நீண்டு, குலுக்கத்தின் மங்கல் படத்திலேயே பதிந்துவிடும். நிலைப்படுத்தியபின் காட்சி அசையாதிருக்க, மங்கல் மட்டும் வந்து வந்து போகும். குலுங்கும் படகிலே வடிகண்ணாடி வேண்டா.

வெயிலும் காற்றும் எத்திசை என்பதை எமது முன்னோர் அறிந்தே படகேறினர்; படம் பிடிப்பவரும் அறிதல் வேண்டும். குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு தென்மேற்கு நோக்கிச் செல்கின்றது. சோளகக் காலத்திலே காற்று எதிரே வரும். அணியம் முழுவதும் நீர் தெறிக்கும். நாம் சென்றது ஆடி மாதத்தில். மேலும் நாம் காலையிற் சென்றோம். சூரியன் பின்னே, இடப்பக்கமாக நின்றது. அணியத்திலிருந்து பின்னோக்கிய கருவிக்குப் பெரியவரின் முகத்துக்குப் பின்னே ஒளி நின்றது என்க. கருவி கடலில் விழாதிருப்பினும் முகம் இருண்டே பதிந்திருக்கும் என்பதை எண்ணும்பொழுது எமக்கு ஆறுதல் உண்டாகவில்லை. இரட்டைப் பிழை செய்தோம் என்ற எண்ணமே உண்டாகின்றது. அதே பயணத்தைப் பிற்பகல் மூன்று மணிக்குப் பின் மேற்கொண்டால் சூரியன் முன்னே நின்று இருப்பவர் முகத்தை விளக்கும். முன்னே தோன்றும் தீவைப் பிடிக்க விரும்புவோர்க்குக் காலைப் பயணம். உடன் செல்வோரைப் பிடிக்க விரும்புவோர்க்குப் பிற்பகற் பயணம். காற்றைப் பொறுத்தவரை, வாடை ஓய்ந்து சோளகம் எழுமுன் உள்ள பங்குனி, சித்திரை மாதங்களே தக்கவை.

வில்லையில் ஒட்டும் நீர்த்துளியே மாணவர்க்குப் பெருந்தொல்லை. நடுவே ஒரு துளி நின்றால் ஒருமணி நேரக் காட்சியும் வீணாகும். அலைச்சறுக்குவோர் வில்லையை நாவால் நக்கிவிடுவர். எச்சில் படிந்த கண்ணாடியில் நீர் துளியாகத் திரளாது மெல்லிய படலமாகப் பரவிவிடும், காட்சி கெடாது. கேட்க அருவருப்பாயினும் இது உண்மை. நன்னீர் நிரப்பிய சிறு போத்தல் ஒன்றும் மெல்லிய துணி ஒன்றும் கையில் இருத்தல் வேண்டும். உலர்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் கண்ணாடி கீறும். முதலில் நீர் ஊற்றிப் பின்னரே துடைத்தல் வேண்டும். நீர்காப்புக் கூட்டின் உள்ளே மூச்சுப்படலம் போன்ற மங்கல் தோன்றுவதுமுண்டு. துறையின் ஈரக்காற்றோடு கூட்டை மூடியமையே அதற்குக் காரணம். வீட்டிலே உலர்ந்த இடத்தில் மூடிக்கொண்டு செல்லுக.

நினைவட்டை, மின்கலம் என்பவற்றைப் பற்றி நீட்டவேண்டியதில்லை. செக்கனுக்கு 100 மெகாபிற்று வீதம் பதியும் கருவி மணிக்கு 45 கிகாபைற்று இடத்தை நிரப்பும். 64 கிகாபைற்று அட்டை ஒருவழிப் பயணத்துக்குப் போதும், இருவழிக்குப் போதாது. அட்டையின்மேல் V30 என்ற குறி இருத்தல் வேண்டும். மின்கலம் ஒருமணி நேரத்துக்கு மேல் நிற்கும் என நம்பலாகாது. துறையிலே வெயிலிற் காத்திருக்கும்பொழுதே கருவியை இயக்கிவிட்டால், அது சூடேறித் தானே நின்றுவிடும். படகு ஓடத் தொடங்கிக் காற்றுப் பட்டபின் இயக்குவதே முறை.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று கூறாது விடலாகாது. படகோட்டியின் பார்வையை மறைக்கும் இடத்திற் கருவி நிற்றல் கூடாது. படகோட்டி தவறி விழுந்தால் இயந்திரம் தானே நிற்கும்படி அவர் உடலோடு மாட்டும் சுருட்கயிறு ஒன்று உண்டு. எமது கயிறு அதனோடு சிக்கும் அண்மையில் இருத்தலாகாது. கருவி ஆடினால், படகு ஓடும்பொழுது எழுந்துசென்று திருத்த முயலாது, படகை நிறுத்தச் சொல்லுதல் வேண்டும். யாவரும் உயிர்காப்பு அங்கி அணிந்த பின்னரே கருவியைத் தொடுதல் வேண்டும். படம் அழகாய் வரும் என்று, “இன்னும் வேகமாய் விடுங்கோ” எனப் படகோட்டியைத் தூண்டும் இளைஞரைக் கண்டிருக்கின்றோம். அது வேண்டாத வேலை. கருவியின் அகன்ற வில்லை தொலைவில் உள்ளதைச் சிறிதாக்கி, அண்மையில் உள்ளதைப் பெரிதாக்கும். கருவியைப் பக்கவிளிம்புக்கு அருகே தாழ்த்திப் பொருத்தி, படகின் ஓரமும் சீறும் நீரும் படத்தில் விழச் செய்தால், மணிக்கு 20 கிலோமீற்றர் வேகமும் நாற்பதாகத் தோன்றும். உயரத்திலே பொருத்தினால் நாற்பதும் நடைபோலத் தோன்றும். வேகத்தைக் காட்டுவது கருவியின் இடமே.

2024ஆம் ஆண்டு பங்குனியில், இரவலாகப் பெற்ற இரண்டாவது கருவியோடு மாணவர் அறுவரும் நாமும் அதே படகிற் சென்றோம். கடல் அமைதியாயிருந்தது. நெடுந்தீவுப் பள்ளிப்பிள்ளைகளும், ஆசிரியை ஒருவரும், கோழிக்கூட்டோடு வந்த ஆச்சி ஒருவரும் உடன் ஏறினர். இருக்கைக்கு முன்னுள்ள இரும்புக் குழாயிற் கவ்வியைப் பூட்டினோம். கயிற்றைப் படகோட்டியிடம் கொடுத்தோம். அவர் ஒன்றும் கூறாது கட்டினார். பிற்பகல் வெயிலிலே முகங்கள் யாவும் தெளிவாகப் பதிந்தன. நடுவழியிலே அலையொன்று கவ்வியை இடித்துக் கருவியைப் பக்கவாட்டிற் திருப்பியது. அதன்பின் பத்து நிமிடம் ஆச்சியின் கோழிக்கூடே பதிந்துள்ளது. அதனையும் வெட்டாது வைத்திருக்கின்றோம்.

அப்படத்தைப் பெரியவருக்கு அனுப்பினோம். கல்வேலியும் அவரது வளவின் வேம்பும் அதில் உள்ளன. கோழிக்கூடு வரும் பகுதியை மூன்றுமுறை போட்டுப் பார்த்தார் என்று அவரது மகள் எழுதியிருந்தார்; அந்த ஆச்சி யார், எந்த வட்டாரம் என்று விசாரித்துச் சொல்லும்படியும் கேட்டிருந்தார். விசாரித்துக்கொண்டிருக்கின்றோம்.